உடையாத வயிறு

மீன் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். என்னிடம் இருந்த வார்த்தைகளில் பாதி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செத்துப்போயின. அதனால் அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் தருகிறேன். அதைத் தூக்கிக்கொண்டே நடந்து எனக்குக் கை வலித்துவிட்டது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்த பிறகும் காலையில் எழுந்தால் கால் மீன் மார்க்கெட் பக்கம்தான் போகிறது. அங்கே எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை.

நம் திண்டுக்கல்லில் எங்கே நின்றாலும் மலை தெரியும், கடல் தெரியாது. எந்தத் திசையில் கிளம்பினாலும் வெயிலைக் கடந்து, புழுதியைக் கடந்து, வெகுநேரம் கழித்துத்தான் உப்புக் காற்று முகத்தில் படும். இருந்தும் தினமும் விடிந்ததும் கடல் நம்மைத் தேடி வருகிறது. தெர்மாகோல் பெட்டிக்குள், ஐஸுக்கு அடியில், கண்ணை மூடாமல். நம் வேலை அதன் மூடியைத் திறந்து, "நீ சாப்பிடத் தகுந்ததா?" என்று கேட்பது. வாயால் கேட்பதில்லை. விரலால் கேட்கிறோம், மூக்கால் கேட்கிறோம்.

எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் அதிகம் பேசாதவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. மத்தி வந்தால் அதன் வயிற்றில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். "மத்தி வயிறு உடையும். அது அதோட குணம். நேரம் கடந்தும் உடையலன்னா எவனோ என்னமோ பண்ணியிருக்கான்." இவ்வளவுதான் பாடம். அதற்குக் காரணமும் இருந்தது. மத்தி பெருந்தீனிக்காரன். வயிறு முட்டத் தின்றபடியே வலையில் விழும். அது செத்த பிறகும் தீனியைக் கரைக்கும் நீர் சாவதில்லை. அது வயிற்றுச் சுவரையே கரைக்க ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் கொழுப்பும் இளகும். நல்ல ஐஸ் இல்லாமல் ஒரு பகல் கிடந்தால் வயிறு வாயைத் திறந்துவிடும். அப்படித் திறக்காத மத்தியைப் பார்த்தால் நமக்கு உடனே பிணவறை வாசனை ஞாபகம் வரும். பார்மலின். பிணம் கெடாமலிருக்க ஊற்றுகிற மருந்து. அந்தக் கட்டைவிரல் பாடம் என் கையில் பல வருஷம் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

அது கிறிஸ்தவர்களின் தவக்கால வெள்ளி. கறி சாப்பிடாத வெள்ளி என்பதால் நாகல் நகர்ப் பக்கம் வேதக்காரர் வீடுகளில் அன்று மீன்தான். பங்குனி உத்திரமும் அந்த வாரமே வந்திருந்தது. பழனி ரோடு முழுக்க பாதயாத்திரைக் கூட்டம். மலையாளக் கரையில் ஏற்றிய மத்தி லாரியைப் பழனிக்கு வெளியே ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்கள். ஒரு பகல் முழுக்க அது வெயிலில் நின்றது. வெள்ளி காலையில் பேகம்பூர் ஜமால் பாய் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பெட்டி ஓரங்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முதல் பெட்டியைத் திறந்தது லூர்து. நாகல் நகரில் தெருத்தெருவாகக் கூடை சுமந்து விற்பவர். குரலை உயர்த்தினால் பஸ் ஹாரன் தோற்கும். வயிற்றை அமுக்கிப் பார்த்திருக்கிறார், கல் மாதிரி இருந்திருக்கிறது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"ஏலே, இங்க வாங்கடா எல்லாரும். ஒரு பகல் முழுக்க வெயில்ல நின்ன மத்தி, ஒரு வயிறு உடையல. பொணத்துக்கு ஊத்துற மருந்த ஊத்திக் கொண்டாந்திருக்கான்."

நான் போய்ச் சேர்வதற்குள் லாரிச் சாவியை யாரோ பிடுங்கி வைத்திருந்தார்கள். டிரைவர் செந்தில், பழனிக்குப் பக்கத்து ஊர்க்காரன், லாரிக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். முகத்துக்கு நேரே பத்துப் பதினைந்து செல்போன்கள் நீட்டியபடி இருந்தன.

"ஏனுங்க சார், ஐஸ் கம்பெனியத் தேடித் தேடி ஐஸ் போட்டனுங்க. அடியில இருக்கற பெட்டிக்குத்தான் எட்டுச்சு. மேல இருக்கறது கரைஞ்சு போச்சுங்க. ரோட்டை அடைச்சுப் போட்டா நான் என்ன பண்றதுங்க?"

"அதத்தான் சொல்றோம்," என்றார் கூட்டத்தில் ஒருவர். "ஐஸு கரைஞ்சுச்சு, மீனு கரையல. முருகன் வந்து காப்பாத்தினாரா?"

சிரித்தார்கள். சிரிப்பவர்கள் கூட்டமாக இருந்தால் கவனமாக இருங்கள். அடி அடுத்து வரும்.

நான் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உடையவில்லை. இன்னொரு பெட்டி, இன்னொரு மீன். என் விரலே என்னிடம் சொல்லிவிட்டது: மருந்துதான்.

சோதனைப் பட்டையை எடுத்தேன். காகிதத்தை மீன்மேல் தேய்த்து ஒரு சொட்டு சோதனைக் கரைசல் விட்டால், பார்மலின் இருந்தால் நீலமாக வேண்டும். ஆகவில்லை. இன்னொன்று. காகிதம் பால் மாதிரி வெள்ளையாகவே இருந்தது.

"அது என்ன சார் காயிதம்? பாய் வீட்டுல அச்சடிச்சதா?"

"பழசா இருக்கும்பா. நம்ம ரேஷன் கடை மாதிரி. வர்றதுக்குள்ள வீரியம் போயிருக்கும்."

ஜமால் பாய் அப்போதுதான் கடைக்குள்ளிருந்து வந்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நெடுநெடுவென்று இருப்பார், வெள்ளைச் சட்டை கசங்கப் பார்த்ததில்லை. அன்றும் கசங்கவில்லை. கைகள் மட்டும் நிற்கவில்லை, ஒன்றை ஒன்று தேடிக்கொண்டிருந்தன.

செல்போன் அடித்தது. எங்கள் மேலதிகாரி. கண்டிப்பானவர், நேர்மையானவர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

"வீடியோ எனக்கே வந்திருச்சு. புதைச்சிருங்க. கடையை சீல் பண்ணிருங்க. சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்க."

"மேடம், பட்டை நீலமாகல."

"ஆகலன்னா விட்டிருவீங்களா? இன்னைக்கு ராத்திரி ஒரு புள்ளை வாந்தி எடுத்தா நான் பதில் சொல்லணும். லேப் ரிசல்ட் வரட்டும், தப்பு இல்லன்னா அப்புறம் திறந்துக்கட்டும்."

அப்புறம் திறக்கலாம்தான். கதவைத் திறக்கலாம். பிணமருந்து பாய் என்று ஒரு தடவை ஊர் வாயில் விழுந்த பெயரை எந்தச் சாவி போட்டுத் திறப்பது? அந்தக் கூட்டத்தில் இது தெரியாதவர் யாருமில்லை. ஜமால் பாய்க்கு நன்றாகவே தெரியும். அதற்குள் தெருமுனையில் மாநகராட்சி ஜே.சி.பி வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள்.

பாய் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "என்னையப் புதைக்கிறதுன்னா புதைங்க சார். ஆனா பிளீச்சிங் பவுடர் போட்டுப் புதைக்காதீங்க. எங்க ஆளுக ஒருத்தரும் வரமாட்டாக."

சிரிக்கத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை.

நண்பர்களே, நெருக்கடியில் நம்மை இரண்டு பக்கமும் தள்ளுவார்கள். புதை என்று ஒரு பக்கம், விடு என்று ஒரு பக்கம். அந்த நேரத்தில் நான் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன். பட்டை பொய் சொல்கிறதா, விரல் பொய் சொல்கிறதா? இரண்டில் ஒன்று பொய். அது எது என்று தெரியாமல் ஒரு மனிதனைக் குழிக்குள் தள்ள முடியாது. மேடத்திடம் கொஞ்ச நேரம் கேட்டேன். "உங்க பொறுப்பு" என்று போனை வைத்துவிட்டார்.

பட்டை வேலை செய்கிறது என்று காட்ட உண்மையான பார்மலின் வேண்டும். நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பாடம் எடுக்கும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "உங்க மியூசியத்துல மருந்துக்குள்ள ஊறுற ஜாடி ஏதாவது ஒன்னு வேணும் மேடம். பாம்பு, பல்லி, எதுவானாலும் சரி. மத்திப் பிரச்சினை."

"மத்தியா?" என்றார். "அப்ப மத்தியவே கொண்டாரேன்."

ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் குழந்தையை வைத்திருப்பது போல ஒரு கண்ணாடி ஜாடி. அதை மீனுக்கு அருகில் வரவிடாமல் சாக்கடைக்கு அந்தப் பக்கமே ஒரு ஸ்டூலில் வைக்கச் சொன்னேன். கையுறை போட்டு மூடியைத் திறந்ததும் மூக்கை அறுக்கிற அந்த வாசனை வந்தது. முன்வரிசைக்காரர்கள் தாமாகவே பின்வாங்கினார்கள்.

"வாடை அடிக்குதா?" என்றேன் லூர்துவிடம்.

"குடலைப் பொரட்டுது சார்."

"இந்த வாடை அந்தப் பெட்டியில அடிச்சுச்சா?"

லூர்து பெட்டிப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

அதே பாக்கெட்டிலிருந்து ஒரு பட்டையை அவர் கையாலேயே எடுக்கச் சொன்னேன். ஜாடித் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டு விட்டேன். கண்ணெதிரே நீலம் ஊறியது. மழை மேகம் மாதிரி ஓரத்திலிருந்து நடுவுக்கு. பிறகு லூர்து காட்டிய பெட்டி ஒவ்வொன்றிலும், மேலே, நடுவே, அடியில், ஐஸ் உருகிய தண்ணீரில்கூடத் தேய்த்துப் பார்த்தோம். எல்லாம் வெள்ளை.

கூட்டத்தின் சத்தம் ஒரு அடி தணிந்தது. செந்தில் லாரிக் கதவிலிருந்து முதுகை எடுத்தான். யாரோ சாவியை அவன் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். ஜமால் பாயின் கைகள் நின்றன.

இங்கேயே கதை முடிந்திருக்கலாம். நான் ஜெயித்த கதையாக இருந்திருக்கும். உங்களிடம் சொல்ல வந்திருக்கவும் மாட்டேன்.

லூர்து விடவில்லை. "மருந்து இல்ல, சரி. ஒத்துக்கறேன். அப்ப ஏன் சார் வயிறு உடையல?"

கத்தியை எடுத்தேன். நாம் வெளியே அழுத்திப் பார்க்கிறவர்கள். உள்ளே திறந்து பார்ப்பது லேப்காரர் வேலை என்று அதுவரை விட்டிருந்தேன். ஒரு மீனைக் கீறினேன். குடல், நனைந்த நூல் மாதிரி கிடந்தது. தீனி இல்லை. இன்னொன்றைக் கீறினேன். வெண்ணெய் மாதிரி அப்பிக்கொண்டிருக்க வேண்டிய கொழுப்பு இருந்த இடத்தில் வெறும் மெல்லிய தோல். விரல் வழுக்கவே இல்லை. மத்தியை அறுத்து விரல் வழுக்காமலிருந்தது அன்றுதான். இன்னொன்று. இன்னொன்று. கரைப்பதற்கு உள்ளே எதுவுமில்லாததால்தான் அந்த வயிறுகள் கரையவில்லை. பட்டினி கிடந்த வயிறு எப்படி உடையும்?

லூர்து தானே ஒன்றை எடுத்து நகத்தால் கிழித்தார். கிழித்ததை என்னிடம் நீட்டினார்.

"சார். இதுக்குள்ள சினை இருக்கு."

அந்த மீன் அவர் நடுவிரல் நீளம்கூட இல்லை. அதற்குள் மஞ்சளாய் இரண்டு கோடு. முட்டைகள்.

"இது குஞ்சு சார். குஞ்சுக்குள்ள எப்பிடி சார் குஞ்சு?"

ஸ்டெல்லா குனிந்து வெகுநேரம் பார்த்தார். வகுப்பில் பேசுகிறவர்களுக்கு ஒரு குரல் உண்டு. அந்தக் குரலில் அவர் பேசவில்லை.

"கோடையில மத்தி மெலியும், அது தெரியும். இது அது இல்ல. மத்திக்குக் குளிர்ந்த தண்ணி வேணும். கடலுக்கு அடியில இருக்கிற குளிர்ந்த தண்ணி மேல வந்தாத்தான் அதோட சேந்து தீனியும் மேல வரும். இப்ப கடலோட மேல்பரப்பு சூடாகிப்போய் மூடி போட்ட மாதிரி உக்காந்துக்கிருது. அடியில இருக்கிறது மேல வரமாட்டேங்குது. தெம்பு இருக்கிற மீன் குளிர்ச்சியத் தேடி வடக்க போகுது, ஆழத்துக்குப் போகுது. இருக்கிறது வளரல. வளர நேரம் இல்லன்னு அதுக்குத் தெரியுமோ என்னமோ, சின்ன வயசுலயே முட்டை வைக்குது."

"எல்லாத்துக்கும் சூடு மட்டும்தான் காரணமா?" என்றேன். சோதிக்கிறவன் புத்தி.

"இல்ல. வலை இருக்கு, மழை தப்புறது இருக்கு. ஆனா சூடு எல்லாத்துக்கும் அடியில உக்காந்திருக்கு சார்."

பிறகு அவர் சாக்கடைக்கு அந்தப் பக்கம் போய், ஜாடியை வெளிச்சம் படத் திருப்பி வைத்தார். அதுவரை ஒருவரும் ஜாடிக்குள் இருந்த மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்திருந்தோம். அவர் மாணவியாக இருந்த காலத்தில் யாரோ சுற்றுலா போய்க் கொண்டுவந்து போட்டதாம். நிறம் போய்விட்டது. ஆனால் உடம்பு அப்படியே இருந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. முதுகு கொழுத்து, வயிறு திரண்டு, தின்று முடித்துவிட்டுத் தூங்குகிற மாதிரி.

ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. தெருமுனை ஜே.சி.பி.யை எப்போது அணைத்தார்கள் என்று தெரியவில்லை.

ஜமால் பாய்தான் முதலில் பேசினார். "இது நாம வித்த மீன் சார். பொரிக்கச் சட்டியில எண்ணெ ஊத்தவே வேணாம். தன் நெய்யிலயே பொரியும்." ஜாடிக்கு அருகே குனிந்தார். "எப்பப் போச்சு இது? நாந்தான தினமும் பெட்டி திறந்தேன். எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியலயே."

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது, இன்றும் உலுக்குகிறது. மீன் ஒரே நாளில் சுருங்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மயிரிழை. நேற்றுப் பார்த்த மீனோடு இன்றைய மீனை ஒப்பிட்டுத் தரம் சொன்னோம். நேற்று ஏற்கெனவே சுருங்கியிருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் கட்டைவிரல் பொய் சொல்லவில்லை. அது வேறொரு கடலில் படித்த விரல். அந்தக் கடல் போய்விட்டது, பாடம் மட்டும் என் கையில் மிஞ்சியிருந்தது. அந்தப் பாடத்தை வைத்து ஒரு மனிதனைப் பிளீச்சிங் பவுடர் போட்டு மூடப் பார்த்தோம்.

அதிர்ச்சியில் நின்றுவிடக்கூடாது, நம் வேலைக்கு அந்த வசதி இல்லை. மருந்து இல்லை என்பதால் மீன் நல்ல மீன் ஆகிவிடாது. சூட்டில் கிடந்த மத்திக்குள் உடம்பைத் தடிக்க வைக்கும், வாந்தி எடுக்க வைக்கும் நஞ்சு தானாகவே ஊறும். அதற்கு வாடை கிடையாது. வெப்பமானியை எடுத்து ஒவ்வொரு பெட்டியின் நடுவிலும் குத்தினேன். அடியில் ஐஸ் நின்ற பெட்டிகளில் மீன் குளிர்ந்தே இருந்தது. மேல் வரிசையில் இல்லை. மேல் வரிசையைப் புதைக்கச் சொன்னேன். அடி வரிசையை விற்கச் சொன்னேன். கடைக்கு சீல் இல்லை.

போனில் மேலதிகாரியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "உங்க கையெழுத்து, உங்க பொறுப்பு," என்றார். பிறகு, வைக்கப்போகிறவர் வைக்காமல் கேட்டார்: "உள்ள ஒன்னுமே இல்லையா?"

"ஒன்னுமே இல்ல மேடம். சினை மட்டும்."

மேல் வரிசைப் பெட்டிகளை ஜமால் பாய் மறுபேச்சில்லாமல் தானே தூக்கிக் கொடுத்தார். நான் அவரிடம் நிம்மதியை எதிர்பார்த்தேன். பெயர் பிழைத்துவிட்டதே. அவர் முகத்தில் அது இல்லை.

"மருந்துன்னு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்," என்றார்.

"என்ன பாய் இப்பிடிச் சொல்றீங்க?"

"எவனோ ஒருத்தன் கலந்திருப்பான். புடிச்சு உள்ள போடலாம். அவன்கிட்ட வாங்காம விடலாம். அடுத்த வாரம் நல்ல மீன் வந்திரும். இப்ப?"

செந்தில் லாரியில் ஏறாமல் நின்றான். "ஏனுங்க பாய், நான் திரும்பிப் போய் எதை ஏத்திட்டு வர்றதுங்க?"

பாய் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

லூர்து ஒரு கூடை நிரப்பிக்கொண்டார். காலையில் ஊரைக் கூட்டியவர் அவர்தான். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. பாயைப் பார்த்து, "உம்ம மேல தப்பு இல்லங்கிறத நாகல் நகர் முழுக்க நானே சொல்லிட்டுப் போறேன், போதுமா?" என்றார். "காலையில கத்துனத விட சத்தமா சொல்லு," என்றார் பாய். அதற்கு மட்டும் எல்லோரும் கொஞ்சம் சிரித்தோம்.

கூடையைத் தலையில் ஏற்றியவர் போகவில்லை. திரும்பி என்னிடம் வந்தார்.

"இன்னைக்குச் சோத்துக்கு வெஞ்சனம் இதுதான் எல்லா வீட்டுலயும். இது சின்னதா இருக்கேன்னு கேப்பாக. நான் யாரத் திட்டுறது சார்?"

உங்களில் யாராவது ஒருநாள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் நாகல் நகரில்தான் விற்கிறார். கேட்டால் காட்டுவார்கள்.

நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வயிற்றை வெளியே அழுத்திப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், திறந்து பாருங்கள். நான் கற்றுக்கொடுக்கும் எதையும் ஒரு பழைய கடலின் பாடம் என்று சந்தேகப்படுங்கள். இன்று உங்கள் கைக்கு வருகிற நல்ல மீன் ஒன்றையாவது ஜாடியில் போட்டு வையுங்கள். கெட்டதை அல்ல, நல்லதை. இல்லாவிட்டால் எது போனது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஸ்டெல்லா கிளம்பும்போது மார்க்கெட்டே அந்த ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டது. காலையில் செந்திலின் முகத்துக்கு நீட்டிய அதே செல்போன்களை ஜாடிக்கு நேராக நீட்டினார்கள். ஒரு பெண் இடுப்பிலிருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பாரு, இதான் மத்தி," என்றார். கையில் இருந்த கூடையைக் காட்டவில்லை.

அன்று அந்தச் சந்தையில் மருந்தில் ஊறிய மீன் அது ஒன்றுதான். அதைத்தான் எல்லோரும் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.